வாசகர் கேள்வி பதில்: ஒன்றுமே நடக்காத படத்தில் அழுகை எங்கிருந்து வருகிறது?

பழைய ஜப்பானியக் குடும்பப் படங்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் கதை முடிவுகள் வெளிப்படும். இந்தப் படங்களுக்கு அதனால் சேதமில்லை. முடிவு தெரிந்து இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இவை இன்னும் அதிகமாக வலிக்கும்.

கேள்வி: ‘டோக்கியோ ஸ்டோரி’ பார்த்தேன். யாரும் கத்தவில்லை, சண்டை இல்லை, திருப்பம் இல்லை. ஆனாலும் கடைசிப் பத்து நிமிடம் அழுகையை அடக்க முடியவில்லை. எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: யாசுஜிரோ ஓசு 1953-ல் ஷோசிகு நிறுவனத்துக்காக எடுத்த படம். ஒனோமிச்சி என்ற துறைமுக ஊரில் வாழும் ஷுகிச்சியும் தோமியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் தோமி இறந்துபோகிறார். 136 நிமிடப் படத்தில் கதை இவ்வளவுதான்.

அழ வைக்கும் வேலை முதல் காட்சியிலேயே தொடங்கிவிடுகிறது. இருவரும் அருகருகே தரையில் உட்கார்ந்து பயணத்துக்குச் சாமான் எடுத்து வைக்கிறார்கள். காற்றடைக்கும் தலையணை யாரிடம் இருக்கிறது என்று ஒரு சின்ன வாக்குவாதம். தேடினால் ஷுகிச்சியின் பையிலேயே கிடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, விசாரித்துவிட்டுப் போகிறார். முதல் முறை பார்க்கிறவர்கள் இந்தக் காட்சியை அறிமுகம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

படம் முடியும் இடத்தில் அதே அறை, அதே ஜன்னல், எட்டிப் பார்க்கும் அதே அம்மாள். ஷுகிச்சி மட்டும் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அன்பாக நடத்தியிருப்பேன் என்கிறார். தனியாக இருந்தால் பொழுது நீளமாகிவிடுகிறது என்கிறார். அவ்வளவுதான் வசனம். அவருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைக் கேமரா சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் அங்கே ஒருவர் உட்கார்ந்து தலையணைக்காக வாதாடிக்கொண்டிருந்ததை நினைவில் வைத்திருப்பது நாம்தான். அழுகை அங்கிருந்து வருகிறது. படம் நமக்குத் தருவது முதல் பாதியை. மறு பாதியை நம் ஞாபகம் போட்டு நிரப்புகிறது.

இன்னொன்று, பெரிய நிகழ்ச்சிகளை ஓசு வெட்டி எடுத்துவிடுவார். டோக்கியோவுக்குப் போகும் ரயில் பயணம் படத்தில் இல்லை. திரும்பும் வழியில் தோமிக்கு உடம்புக்கு முடியாமல் ஓசாகாவில் இறங்க நேர்ந்ததைப் பேச்சில்தான் அறிகிறோம். மரணமும் அப்படித்தான். விடியும்வரை தாங்காது என்று டாக்டரான மூத்த மகன் சொல்கிறார். அடுத்து விடியற்காலைத் துறைமுகம், ஆளில்லாத படகுத்துறை. மறுபடி வீட்டுக்குள் வரும்போது முகத்தில் துணி மூடியாயிற்று. ஷுகிச்சியைத் தேடிக்கொண்டு மருமகள் நோரிகோ வெளியே போகிறாள். அழகான விடியல், இன்றும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார் அவர். கதறி அழுதிருந்தால் நாம் அனுதாபப்பட்டிருப்போம். வெயிலைப் பற்றிப் பேசுவதால் அவருக்குப் பதிலாக நாம் அழவேண்டியதாகிறது.

கேள்வி: அந்தப் படத்தில் மகள் ஷிகேயை மன்னிக்கவே முடியவில்லை. ஓசு ஏன் அவளைத் தண்டிக்கவில்லை?

பதில்: ஷிகேயின் குற்றப்பட்டியல் உண்மையிலேயே நீளம். தன் அழகு நிலையத்துக்கு வரும் வாடிக்கையாளரிடம் பெற்றோரை ‘ஊரிலிருந்து வந்திருக்கும் தெரிந்தவர்கள்’ என்கிறாள். கணவன் நல்ல கேக் வாங்கி வந்தால், அப்பா அம்மாவுக்கு அரிசி பிஸ்கட்டே போதுமே என்று கடிந்துகொள்கிறாள். அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்ததும் துக்க உடையையும் எடுத்துப் போகலாமா என்று யோசிக்கிறாள். ஈமச்சடங்கு முடிந்த சாப்பாட்டில், அம்மாவின் கிமோனோவில் எது தனக்கு என்று கேட்கிறாள்.

ஆனால் படுக்கையருகே வாய்விட்டு அழுகிறவளும் அவள்தான், அந்த அழுகை பொய்யில்லை. ஹருகோ சுகிமுரா நடிப்பில் இரண்டும் ஒரே வேகத்தில் வருகின்றன. துக்க உடை விஷயத்திலும் அவள் கணக்குச் சரியாகிவிடுகிறது. எடுத்து வராத கடைசி மகன் கேய்சோ சாவுக்கும் தாமதமாக வந்து சேர்கிறான். கோயிலில் மந்திரத்தோடு தட்டும் மரத்தாளத்தின் ஓசையைக் கேட்க முடியாமல் அவன் வெளியே எழுந்து போகிறான். ஒவ்வொரு தட்டுக்கும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போவது போல இருக்கிறது என்கிறான். ஷிகேக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அதனால் பாசம் இல்லை என்று ஆகிவிடாது.

நோரிகோவையும் தெய்வமாக்கிவிடாதீர்கள். போரில் இறந்த கணவனை நினைக்காத நாள்கள்கூட இருக்கின்றன, நான் நீங்கள் நினைப்பதுபோல நல்லவள் இல்லை என்று மாமனாரிடம் அவளே சொல்கிறாள். அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் அவர் தோமியின் கடிகாரத்தை அவள் கையில் கொடுக்கிறார்.

கேள்வி: துக்கத்திலும் எல்லோரும் ஏன் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்? நடிப்பு செயற்கையாகத் தோன்றுகிறதே.

பதில்: சிரிப்பைத் தனியாகப் பார்க்காதீர்கள், அது எப்போது நிற்கிறது என்று பாருங்கள். எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் தராமல் இருக்க முகத்தில் வைத்துக்கொள்ளும் சிரிப்பு அது. நோரிகோவாக நடித்த செட்சுகோ ஹாராவின் முகத்தில் அது கலையும் நொடிகள் ஒரு படத்துக்கு மூன்றோ நான்கோதான். 1949-ல் வந்த ஓசுவின் ‘பான்ஷுன்’ படத்தில் அப்பாவும் மகளும் (மகளாக ஹாரா) ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய மேடை நாடகம் பார்க்கிறார்கள். அப்பா எதிர்ப்பக்கம் இருக்கும் ஒரு விதவைப் பெண்ணுக்குத் தலையசைத்து வணக்கம் சொல்கிறார். அவரை அப்பா மணக்கப்போகிறாரோ என்ற எண்ணம் மகளுக்குள் நுழைகிறது. அந்த நீண்ட காட்சியில் வசனமே இல்லை. ஹாராவின் தலை மெல்லத் தாழ்கிறது. அதுவரை சிரித்த முகமாகவே அவரைக் கண்ட நமக்கு அந்தத் தாழ்வு ஒரு அடியாக விழுகிறது.

அதே படத்தின் கடைசிக் காட்சி இன்னொரு பாடம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பும் அப்பா (ஷுகிச்சியாக நடித்த அதே சிஷு ரியூ) ஆப்பிள் சீவுகிறார். தோல் ஒரே நாடாவாக நீண்டு இறங்குகிறது. கை நிற்கிறது, தோல் விழுகிறது, தலை குனிகிறது. அந்த இடத்தில் ஓசு கதறி அழச் சொன்னதாகவும், தன்னால் முடியாது என்று மறுத்துவிட்டதாகவும் ரியூ பிற்பாடு சொல்லியிருக்கிறார். மறுத்தது நல்லதாயிற்று.

கேள்வி: குறும்படம் எடுக்கிறேன். ஓசு மாதிரி கேமராவைத் தரையில் வைத்துப் பார்த்தேன். வீடு குகை மாதிரியும் ஆள்கள் பூதம் மாதிரியும் தெரிகிறார்கள். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் லென்ஸில். அறை சின்னது என்பதற்காக அகல லென்ஸ் போட்டு, கேமராவைத் தாழ்த்தி, பிறகு முகம் தெரிய மேல்நோக்கிச் சாய்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் தூண்களும் கதவுகளும் மேலே குவியும், தாடை பெரிதாகும். ஓசுவும் அவருடைய ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதாவும் பிற்காலப் படங்களில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே பிடித்துக்கொண்டார்கள். அந்த 50-ஐ இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராவின் 50 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய 35 மி.மீ. சினிமா ஃபிரேமின் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர்தான். உங்கள் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36. அதே பார்வை வேண்டுமானால் 80-ஐ ஒட்டிய லென்ஸ் போடவேண்டும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 50 ஏறக்குறையச் சரியாக வரும்.

80 போட்டால் பின்னால் போக இடம் வேண்டும். அறைக்குள் நின்று எடுக்காமல் அடுத்த அறையிலிருந்தோ நடையிலிருந்தோ எடுங்கள். ஓசுவின் ஃபிரேமில் கதவுச் சட்டங்கள் அடுக்கடுக்காக வருவதில் பாதி இந்தத் தூரத்தால் வருவது. முன்னால் ஒரு தேநீர்க் கெண்டி, நடுவில் ஆள்கள், அவர்களுக்குப் பின்னால் வெளிச்சம் விழும் நடை என்று மூன்று அடுக்கு அமையுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, பாயில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழே வையுங்கள். ஆனால் கேமரா கிட்டத்தட்டச் சமமாக நேரே பார்க்கட்டும். கேமரா தாழ்வாக இருப்பது வேறு, அண்ணாந்து பார்ப்பது வேறு. நிற்கும் ஆளை எடுக்கும்போது உயரத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். எல்லா ஷாட்டையும் ஒரே முழ உயரத்தில் எடுப்பது நகல் எடுப்பவர்கள் செய்யும் தவறு.

நாற்காலியில் உட்காரும் வீட்டுக் கதை என்றால் தரையோடு ஒட்டிய கேமராவுக்குக் காரணமே இல்லாமல் போகும். அப்போது ஓசுவிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது வேறு. ஒருவர் வசனம் முழுதாக முடியட்டும், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு வெட்டுங்கள். அடுத்தவர் முகம் வரட்டும், அதன் பிறகு அவர் பேசட்டும். பேச்சின் மேல் பேச்சு ஏறக் கூடாது. இருவரையும் ஏறக்குறைய லென்ஸை நோக்கியே, ஒரே அளவில், ஃபிரேமின் ஒரே இடத்தில் வையுங்கள். பேசும் இருவருக்கும் இடையிலான கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது என்ற 180 டிகிரி விதியை ஓசு மதிக்கவில்லை. இரண்டு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி பார்த்துக்கொண்டார். அதற்காக மேஜையிலிருக்கும் பாட்டிலைக்கூட ஷாட்டுக்கு ஷாட் நகர்த்திவைப்பார், கண்டினியூட்டி பற்றிக் கவலைப்படாமல்.

கேள்வி: நடுநடுவே காலி வராந்தா, கொடியில் காயும் துணி, புகைபோக்கி என்று காட்டுகிறார்களே, அதற்கு அர்த்தம் தேடவேண்டுமா?

பதில்: ஒவ்வொன்றுக்கும் குறியீடு தேடினால் படம் கையை விட்டுப் போய்விடும். விமர்சகர் நோயல் பர்ச் இவற்றுக்குத் ‘தலையணை ஷாட்’ என்று பெயர் வைத்தார். பழைய ஜப்பானியக் கவிதையில் ஒரு சொல்லுக்கு முன்னால் அடையாக வரும் ‘மகுராகொதோபா’, அதாவது தலையணைச் சொல், என்பதிலிருந்து எடுத்தது. நம் அகப்பாடல் படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். நாரை நிற்கும் கழியையும் உதிரும் பூவையும் சொல்லிவிட்டுத் தலைவியின் மனத்தைச் சொல்லாமல் விடும் பாட்டில் நாம் என்ன செய்கிறோமோ, அதையே இங்கும் செய்தால் போதும்.

வேலை என்ற அளவில் இவை இரண்டு காரியம் செய்கின்றன. முதலாவது, இடம் மாற்றுவது. தன் பிற்காலப் படங்களில் ஓசு ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாகும் உத்தியையே கைவிட்டுவிட்டார். அதற்குப் பதிலாக இரண்டு மூன்று வெற்று ஷாட்கள். முதல் ஷாட்டின் மூலையில் இருக்கும் பொருள் இரண்டாவதில் நடுவுக்கு வரும். அப்படி அடியெடுத்து வைத்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவோம். இரண்டாவது, முந்தைய காட்சியின் உணர்ச்சி வடிய நேரம் கொடுப்பது.

‘பான்ஷுன்’ படத்தின் பூச்சாடி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கியோத்தோ விடுதியில் அப்பாவும் மகளும் படுத்திருக்கிறார்கள். அவள் பேசிக்கொண்டே இருக்க, அவர் தூங்கிவிட்டார். அவள் கூரையைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். பூச்சாடி, அதன் பின்னால் காகிதக் கதவில் மூங்கில் நிழல். மறுபடி அவள் முகம். இப்போது அழுகை விளிம்பில் இருக்கிறது. மறுபடி பூச்சாடி. அந்தச் சாடி எதைக் குறிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: முகம் மாறிய நொடியை நமக்குக் காட்டவில்லை. நாம் சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மனசு உடைந்துவிட்டது.

கேள்வி: மூன்று முறை முயன்றும் அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். எப்படிப் பார்ப்பது?

பதில்: தூக்கத்துக்குப் பெரும்பாலும் தொடங்கிய படமே காரணம். பெயர் பெற்றது என்று நேராக ‘டோக்கியோ ஸ்டோரி’யில் இறங்காதீர்கள். 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் வாக்கெடுப்பில் இயக்குநர்கள் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பது உண்மை, ஆனால் அது நுழைவாயில் ஆகாது. முதலில் ‘ஓஹாயோ’ (1959). வண்ணப்படம், 94 நிமிடம். டிவி வாங்கித் தரச் சொல்லி இரண்டு பையன்கள் பேசாவிரதம் இருக்கிறார்கள். ‘காலை வணக்கம், நல்ல வெயில்’ என்று பெரியவர்கள் பேசுவதெல்லாம் வெட்டிப்பேச்சு என்பது பெரிய பையனின் குற்றச்சாட்டு. அந்த வெட்டிப்பேச்சுக்குள்தான் பெரியவர்களின் காதல் முதற்கொண்டு எல்லாமே ஒளிந்திருக்கிறது என்பதைப் படம் சிரிக்கச் சிரிக்கக் காட்டும். இந்தப் பாடம் பிடிபட்டால் மற்றப் படங்களின் வசனம் தானாகத் திறக்கும். பிறகு ‘பான்ஷுன்’, அதன்பின் ‘டோக்கியோ ஸ்டோரி’. 1957-ன் ‘டோக்கியோ போஷொகு’ இருண்ட படம், அதைக் கடைசிக்கு வையுங்கள்.

பார்க்கும் முறையிலும் கெடுக்கிற விஷயங்கள் உண்டு. டிவியில் படம் திரை முழுக்க விரிந்திருந்தால் உடனே சரிசெய்யுங்கள். இவை கிட்டத்தட்ட சதுர வடிவப் படங்கள், இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தே ஆகவேண்டும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையிலுள்ள அந்த மூச்சு போய்விட்டால் மிச்சம் வெறும் தகவல். ஒலியைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். ஒனோமிச்சியில் படகு எஞ்சினின் ‘டப் டப்’ ஓசையும் ரயிலும் வசனத்துக்குச் சமமானவை.

சப்டைட்டில் ஒரு விஷயத்தை விழுங்கிவிடும். ‘சோ கா’, ‘ஊன்’, ‘யா’ போன்ற, நம் ‘அப்படியா’, ‘ம்’ மாதிரியான சின்னச் சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதமாட்டார்கள். ஷுகிச்சி ஒரே ‘ஊன்’-ஐ எத்தனை குரலில் சொல்கிறார் என்பதைக் காதால் பிடியுங்கள்.

கேள்வி: எல்லாப் படத்திலும் மகளுக்குக் கல்யாணம், அதே நடிகர்கள், நோரிகோ என்று அதே பெயர். ஏன்?

பதில்: நான் தோஃபு (சோயாக் கட்டி) செய்கிறவன், தோஃபு மட்டும்தான் செய்வேன் என்று ஓசுவே சொல்லியிருக்கிறார். ஆனால் கல்யாணம் என்ற விஷயத்துக்கு ஒரு காலக் காரணமும் உண்டு. பழைய சட்டப்படி ஜப்பானில் கல்யாணத்துக்குக் குடும்பத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். போருக்குப் பின் சட்டம் திருத்தப்பட்டு 1948 ஜனவரி முதல் அந்த அதிகாரம் போய்விட்டது. 1949-ன் ‘பான்ஷுன்’ மகள் விரும்பினால் மறுக்கலாம். அப்பாவிடம் கட்டாயப்படுத்தும் உரிமை இல்லை, அதனால் பொய் சொல்கிறார்: நான் மறுமணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று. அந்தப் பொய்தான் படத்தின் ஒரே சூழ்ச்சி. மாப்பிள்ளையை நாம் பார்ப்பதே இல்லை, கல்யாணத்தையும் பார்ப்பதில்லை.

அதே மூலப்பொருளில் ஒவ்வொரு படமும் வேறு சுவை. ‘பகுஷு’ (1951) நோரிகோ தானே தேர்ந்தெடுக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள், மனைவியை இழந்த என் மகனுக்கு நீ வாய்த்தால் எப்படியிருக்கும் என்று ஆசையைச் சொல்ல, சரி என்கிறாள். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அம்மாள், பன் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார். அந்தச் சம்மதத்தால் ஒரே வீட்டில் இருந்த குடும்பம் பிரிகிறது. ‘பகுஷு’ என்றால் வாற்கோதுமை அறுக்கும் பருவம். கடைசி ஷாட்டில் விளைந்த வயல் வருவது அதனால்தான். ‘சன்மா நோ அஜி’ (1962) என்றால் சன்மா மீனின் சுவை. மீன் படத்தில் தட்டுப்படாது. மகளைக் கட்டிக்கொடுத்த இரவில் அப்பா கறுப்புக் கோட்டோடு மதுக்கடைக்குப் போகிறார். சாவு வீட்டிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்கிறார் கடைக்காரப் பெண். கிட்டத்தட்ட அப்படித்தான் என்கிறார். அந்தப் படம் உருவான ஆண்டில்தான் ஓசுவின் அம்மா இறந்தார். ஓசு மணமாகாமல் அம்மாவோடே வாழ்ந்தவர். அதுவே அவருடைய கடைசிப் படமும் ஆகிவிட்டது. 1963 டிசம்பர் 12, தன் 60-வது பிறந்தநாளில் காலமானார்.

கேள்வி: ஓசுவைத் தவிர வேறு யாரைப் பார்க்கலாம்?

பதில்: அதே காலத்து இயக்குநர் மிகியோ நருசே. ஓசுவின் வீடுகளில் பணம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கும். நருசேயின் வீடுகளில் அது மேஜைமேல் எண்ணப்படும். ‘ஒகாசான்’ (1952) படத்தில் கினுயோ தனகா சலவைக்கடை நடத்தும் தாய். கணவர் இறந்தபின் ஒரு மகளை உறவினருக்குத் தத்துக் கொடுக்கவேண்டி வருகிறது. படத்தின் நடுவில் ‘முடிந்தது’ என்று எழுத்து வரும், எழுந்துவிடாதீர்கள். பாத்திரங்கள் தியேட்டரில் பார்த்துக்கொண்டிருக்கும் படம்தான் முடிந்திருக்கிறது. ஹிதேகோ தகாமினே நடித்த ‘மிதாரேரு’ (1964) கட்டாயம் பார்க்கவேண்டியது. புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட் ஒரு சின்னக் கடையை நசுக்குகிறது. அந்தக் கடையை நடத்தும் விதவை அண்ணிமேல் கணவனின் தம்பிக்குக் காதல். கடைசியில் ஓடி நிற்கும் தகாமினேயின் முகத்தில் படம் சட்டென்று அறுந்துவிடும்.

கேள்வி: வயதான அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

பதில்: மறுபடி ஓசுதான், ‘சிச்சி அரிகி’ (1942). ஆசிரியராக இருந்த தந்தையும் ஒரே மகனும், பிழைப்புக்காகப் பிரிந்தே வாழ்கிற கதை. போர்க்காலப் படம் என்பதால் கடமை பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஆற்றில் நின்று மீன்பிடிக்கும் காட்சி வரும். இரண்டு தூண்டிலும் ஒரே தாளத்தில் எழுந்து, ஒரே தாளத்தில் நீரில் விழும். இனி நாம் தனித்தனியாகத்தான் இருக்கவேண்டும் என்று அப்பா சொல்கிறார். அவர் தூண்டில் மறுபடி எழுகிறது. பையனுடையது நீரிலேயே நிற்கிறது.